கட்டப்போகும் நிலத்தில் மழைநீர்: விதியைப் படிப்பது முதல் பராமரிப்பு வரை

காலி நிலத்தில் கட்டடம் எழுப்பப் போகிறீர்கள், அல்லது மனைகளாகப் பிரித்து லேஅவுட் போடப் போகிறீர்கள். சாலை அகலம், பார்க்கிங், செட்பேக் (எல்லையிலிருந்து கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளி) எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு மிச்சம் கிடக்கும் ஒரு மூலையில் சின்னக் கட்டம் போட்டு ‘மழைநீர்’ என்று எழுதிக் கொடுத்தால், ஒழுங்காக வேலை செய்யும் உள்ளாட்சி அலுவலகம் அந்த பிளானைத் திருப்பி அனுப்பும். அனுப்ப வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஏனென்றால் எதற்கும் ஆகாது என்று மிஞ்சிய அந்த மூலை பெரும்பாலும் மேட்டில் இருக்கும், தண்ணீரோ பள்ளத்தில் நிற்கும். தண்ணீருக்கு இடம் ஒதுக்கிவிட்டு மற்றதை வரையுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

கட்டுபவர் தன் நிலத்து மழைநீருக்குத் தானே வழி செய்ய வேண்டும் என்ற விதி எதற்காக வந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் பாதி விஷயம் தானாகப் பிடிபடும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். புல்லும் புதரும் இருக்கும் நிலம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை மெதுவாக விடும். கூரையும் கான்கிரீட்டும் தாரும் குடிக்காது, விழுந்ததை அப்படியே, அதுவும் வேகமாகத் தள்ளும். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரை அரிக்கிறது, கீழே இருக்கும் ஓடையின் கரையை உடைக்கிறது, வழியில் கிடக்கும் எண்ணெய், குப்பை, மண் எல்லாவற்றையும் ஓடைக்குள் கொண்டு சேர்க்கிறது. மனைக்குச் சொந்தக்காரர் ஒருவர், நனைபவர் வேறொருவர். அதனால்தான் இதை அவரவர் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் சட்டமாக எழுதினார்கள்.

எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதவில்லை. அமெரிக்காவில் 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்துக்குள் மழைநீரைத் தெளிவாகக் கொண்டுவந்தது 1987 திருத்தம். 1990 விதிகள் பெரிய நகரங்களையும் 5 ஏக்கருக்கு மேற்பட்ட கட்டுமானங்களையும் பிடித்தன, 1999-இல் வந்த இரண்டாம் கட்டம் அதை 1 ஏக்கர் வரை இறக்கியது. வேல்ஸில் 2019 ஜனவரி முதல் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்டினாலோ, கட்டுமானப் பரப்பு 100 சதுர மீட்டரைத் தொட்டாலோ, மழைநீர் ஏற்பாட்டுக்கென்று தனி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள மனைகள் தங்கள் உச்ச ஓட்டத்தை, அதாவது மழையின்போது வெளியே போகும் தண்ணீரின் அதிகபட்ச வேகத்தை, தாங்களே குறைத்தாக வேண்டும். எண்கள் வேறு, கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டுவதற்கு முன் இந்த நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகத்தில் போனது, கட்டிய பிறகு எவ்வளவு போகும்?

1. உங்கள் வேலை விதிக்குள் வருகிறதா

நாட்டுச் சட்டம் ஒரு அடிமட்டத்தைத்தான் வைக்கும், உங்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நகராட்சியோ ஊராட்சியோ மாவட்டமோ போட்டிருக்கும் விதி. அது அடிமட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். அந்த விதியின் நகலையும் அதோடு சேர்ந்த வடிவமைப்புக் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேண்டும்: விதி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்பது கையேட்டில்தான் இருக்கும்.

வாசிக்கும்போது வரம்பு எதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் கிளறப்படும் மண்ணின் பரப்பு, சில இடங்களில் புதிதாக மூடப்படும் பரப்பு. இரண்டும் ஒன்றல்ல. சின்ன வீடு கட்ட முழு நிலத்தையும் சமன் செய்தால் மூடப்படும் பரப்பு கொஞ்சம்தான், கிளறப்படும் பரப்போ முழுசும். இன்னொன்று, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் வரம்புக்குக் கீழே காட்டினால் தப்பிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே திட்டத்தின் பகுதியாக இருந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்போம் என்று பல விதிகளில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. அந்த யோசனையை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

பிளான் வரைவதற்கு முன்பே அலுவலகத்தில் ஒரு சந்திப்பு கேளுங்கள். வெறும் சர்வே வரைபடத்தோடு போனாலே போதும். எத்தனை ஆண்டு மழைக்குக் கணக்குப் போட வேண்டும் (இதன் பொருள் 4-ஆம் படியில் வருகிறது), தண்ணீரை எந்த வடிகாலில் விடலாம், அந்த வடிகாலில் இடம் மிச்சம் இருக்கிறதா, கீழே ஏற்கெனவே தண்ணீர் தேங்கும் இடம் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும்.

2. நிலத்தை மழையில் போய்ப் பாருங்கள்

ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து மேடு பள்ளம் காட்டும் கான்டூர் வரைபடம் கட்டாயம் வேண்டும். அரை மீட்டர் இடைவெளிக் கோடுகள் இருந்தால் நல்லது. ஆனால் வரைபடம் காட்டாததைக் காட்ட மழை வேண்டும். நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு போய் நில்லுங்கள். மேல் பக்கத்து நிலத்திலிருந்து உங்கள் நிலத்துக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியே போகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது, எங்கே தெளிந்து நிற்கிறது என்று பாருங்கள். மழை விட்ட மறுநாளும் போங்கள். புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சருகு வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் அதுதான் தண்ணீரின் வழி. வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் தரையாகத்தான் தெரியும்.

மேலிருந்து வரும் தண்ணீரை மறந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உங்கள் மனையில் விழுவதை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு, மேலே உள்ள நிலத்திலிருந்து காலங்காலமாக வரும் தண்ணீருக்குக் குறுக்கே காம்பவுண்டு சுவர் எழுப்பினால், மேலே இருப்பவர் வீட்டில் தண்ணீர் நிற்கும். பல ஊர்களில் அது வழக்காகவே முடியும். அந்தத் தண்ணீரை நீங்கள் தேக்கிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் அது கடந்துபோக ஒரு வழி விட்டே ஆக வேண்டும். அதேபோல, முன்பு பரவலாக வழிந்து போன தண்ணீரை ஒரே குழாயில் திரட்டி பக்கத்து நிலத்தின்மேல் கொட்டுவதும் கூடாது. அளவு அதேதான் என்றாலும் குழாய் வாயில் அது மண்ணைத் தோண்டிவிடும்.

3. மண் குடிக்குமா என்று சோதியுங்கள்

இதை வரைவதற்கு முன்னால் செய்யுங்கள், பின்னால் அல்ல. மணல் பாங்கான மண் மணிக்கு 50 மில்லிமீட்டருக்கு மேல்கூடக் குடிக்கும், கெட்டிக் களிமண் 5 மில்லிமீட்டர்கூடக் குடிக்காது. இந்த வித்தியாசம்தான் உங்கள் திட்டம் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியா, தேக்கி மெதுவாக வெளியே விடும் தேக்கக் குளமா என்பதைத் தீர்மானிக்கும்.

எளிய சோதனை இது. உறிஞ்சும் அமைப்பின் அடிமட்டம் எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அந்த ஆழம் வரை தோண்டி, அங்கே முழ நீள அகலத்தில் ஒரு சின்னக் குழி எடுங்கள். மேலே நின்று மேல்மண்ணில் சோதித்தால் பயனில்லை, மேல்மண் நன்றாகக் குடிக்கும், இரண்டடி கீழே களி இருக்கும். குழிச் சுவரை மண்வெட்டி வழவழப்பாக்கியிருந்தால் ஆணியாலோ குச்சியாலோ கீறிவிடுங்கள். தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். மூன்றாம் தடவை நிரப்பி அளவுகோலை நட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். காய்ந்த மண் முதல் தடவை வேகமாகக் குடிக்கும், அந்த எண்ணை நம்பி வரைந்தால் மழைக்காலத்தில் குளம் வற்றாது. மூன்றாம் தடவை வந்ததையும் பாதியாக்கித்தான் கணக்கில் வையுங்கள், ஏனென்றால் ஆண்டுகள் போகப்போக வண்டல் படிந்து குடிக்கும் வேகம் குறையும். அலுவலகத்துக்குத் தரும் அறிக்கைக்குக் கையேடு சொல்லும் முறையிலேயே தகுதியுள்ளவரைக் கொண்டு சோதனை செய்ய வேண்டியிருக்கும், ஆனால் இந்தக் கைச்சோதனை உங்களைத் தப்பான பாதையில் போகவிடாமல் தடுக்கும்.

நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் பாருங்கள். உறிஞ்சும் அமைப்பின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 1 மீட்டர் மண் இருந்தால்தான் தண்ணீர் வடிகட்டப்பட்டு இறங்கும். கட்டட அஸ்திவாரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், பிரிட்டனில் 5 மீட்டர் என்பது வழக்கம். பெட்ரோல் நிலையம், ரசாயனக் கிடங்கு போன்ற இடங்களில் மண்ணுக்குள் இறக்கவே கூடாது.

4. கணக்கு

1850 வாக்கில் அயர்லாந்து என்ஜினியர் தாமஸ் மல்வனி யோசித்ததும், 1889-இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் எமில் குய்ச்லிங் சாக்கடை வடிவமைப்புக்குக் கொண்டுவந்ததுமான முறைதான் சின்ன மனைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. மூன்றே எண்கள்: வழிந்தோடும் விகிதம், மழையின் வேகம், பரப்பு. மூன்றையும் பெருக்கினால் உச்ச ஓட்டம். மழை வேகத்தை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும் பரப்பை ஹெக்டேரிலும் வைத்தால், பெருக்கி வந்ததை 360-ஆல் வகுக்க வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1 ஹெக்டேர் புல்வெளி, விகிதம் 0.25. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை. 0.25 × 60 × 1 ÷ 360 போட்டால் வினாடிக்குச் சுமார் 42 லிட்டர். இப்போது அதில் 60 சதவீதத்தைக் கூரையாகவும் தளமாகவும் மாற்றுகிறீர்கள், அவற்றின் விகிதம் 0.9. மிச்சம் 40 சதவீதம் புல்லாகவே இருக்கிறது. இரண்டையும் பரப்புக்கு ஏற்பக் கூட்டினால் 0.64. அதே மழைக்கு வினாடிக்குச் சுமார் 107 லிட்டர். இரண்டரை மடங்கு! அந்த மழை ஒரு மணி நேரம் நின்று பெய்தால் கூடுதலாக வழிவது 234 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 34 ஆயிரம் லிட்டர். இவ்வளவையும் எங்கே வைப்பது என்பதற்குத்தான் உங்கள் பிளான் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையில் வித்தியாசம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தளத்தில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் மனையின் கடைக்கோடியிலிருந்து வெளிவாய்க்கு வந்துசேரும் நேரம் குறைகிறது, நேரம் குறைந்தால், எத்தனை நிமிட மழைக்கு என்ன வேகம் என்று சொல்லும் அட்டவணையில் எடுக்க வேண்டிய மழை வேகம் கூடுகிறது. அதனால் மேலே போட்டது ஆரம்ப மதிப்பீட்டுக்கு மட்டும். குளத்தின் அளவை இறுதி செய்யும்போது, தண்ணீர் வரவர எவ்வளவு நிறைகிறது, போகப்போக எவ்வளவு வடிகிறது என்று நேரவாரியாகப் போட்ட கணக்கை அலுவலகம் கேட்கும். அதை என்ஜினியர் மென்பொருளில் போடுவார். இந்தக் கைக்கணக்கு தெரிந்திருந்தால் அவர் தரும் எண் ஏறுக்குமாறாக இருக்கிறதா என்று உங்களால் பார்க்க முடியும்.

விதியில் ‘100 ஆண்டு மழை’ என்று வரும். நூறாண்டுக்கு ஒருமுறைதானே, நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உள்ள மழை என்பதே அதன் பொருள். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கு வாய்ப்பு சுமார் 26 சதவீதம். 10 ஆண்டு மழையாக இருந்தால் அதே 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர வாய்ப்பு சுமார் 96 சதவீதம், கிட்டத்தட்ட நிச்சயம்.

அடுத்து, சின்ன மழை. வெள்ளம் கொண்டுவருவது பெரிய மழை, அழுக்கைக் கொண்டுவருவது அடிக்கடி பெய்யும் சின்ன மழையின் முதல் ஓட்டம். அதனால் பல விதிகளில், முதலில் வரும் இத்தனை மில்லிமீட்டர் மனைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று தனியாக ஒரு எண் இருக்கும். அமெரிக்காவில் பல ஊர்களில் அது 1 அங்குலத்தை ஒட்டி இருக்கிறது, வாஷிங்டன் நகரம் 2013 விதிகளில் பெரிய புதுக் கட்டுமானங்களுக்கு 1.2 அங்குலம் என்று வைத்தது. நம் உதாரண மனையில் 6,000 சதுர மீட்டர் மூடிய பரப்புக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 150 கன மீட்டர். உச்ச ஓட்டத்துக்கு வேண்டிய கொள்ளளவோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாமா, தனியாகவா என்பது கையேட்டில் இருக்கும்.

5. வரையும் வரிசை

முதலில் மூடும் பரப்பைக் குறையுங்கள். சாலையை ஒரு மீட்டர் ஒடுக்கினால், பார்க்கிங்கில் பாதியைத் தண்ணீர் இறங்கும் கல் தளமாக்கினால், அந்த 234 கன மீட்டரே குறைந்துவிடும். தோண்டாத குளத்துக்குப் பராமரிப்பும் கிடையாது. நிலத்தில் நன்றாகக் குடிக்கும் மண் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டாதீர்கள், களிமண் மேல் கட்டுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம், பார்க்கிங் தண்ணீரைச் செடிப் பள்ளத்தில் விடலாம், சாலையோரம் குழாய்க்குப் பதில் புல் வாய்க்கால் போடலாம். மூன்றாவதாகத்தான் உறிஞ்சும் குளமும் தேக்கக் குளமும்.

நம் உதாரணத்தில் மூன்றாம் தடவை சோதித்தபோது மணிக்கு 40 மில்லிமீட்டர் இறங்கியது என்று வைப்போம். பாதியாக்கினால் 20. 48 மணி நேரத்துக்குள் வற்ற வேண்டும் என்பது விதி என்றால், ஆழம் 96 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 234 கன மீட்டருக்கு 260 சதுர மீட்டர் தரைப்பரப்பு வேண்டும், அதற்குமேல் கரைச் சரிவுக்குக் கொஞ்சம் இடம். மனையில் மூன்று சதவீதத்தை ஒட்டிய இடம். ஆரம்பத்திலேயே ஒதுக்கினால் யாருக்கும் வலிக்காது, கடைசியில் தேடினால் ஒரு மனையை இழக்க வேண்டிவரும். வற்றும் நேரத்துக்கு ஏன் வரம்பு என்றால், தேங்கிய நீரில் கொசு வளரும், அடுத்த மழைக்குக் குளம் காலியாகவும் இருக்க வேண்டும்.

மண் குடிக்காது என்றால் தேக்கக் குளம். அதன் உயிர் மதகில்தான் இருக்கிறது. வினாடிக்கு 42 லிட்டருக்கு மேல் விடக்கூடாது, துளையின் மையத்துக்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் நிற்கும் என்றால், தேவையான துளையின் விட்டம் சுமார் 14 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! ஒரு ஹெக்டேர் நிலத்தின் வெள்ளத்தை அந்த ஒரு துளைதான் கட்டுப்படுத்துகிறது. ‘தண்ணீர் மெதுவாகப் போகிறதே’ என்று யாராவது அந்தத் துளை உள்ள தகட்டைக் கழற்றிவிட்டால் குளம் இருந்தும் இல்லாதது மாதிரிதான். சருகு அடைத்தாலும் ஆபத்து, அதனால் முன்னால் கம்பிச் சட்டம் வையுங்கள். கணக்கைத் தாண்டிய மழை வந்தால் கரை உடையாமல் வழிந்துபோக ஏரிக்குக் கலங்கல் இருப்பதுபோல இதற்கும் ஒன்று கட்டாயம் வேண்டும். கலங்கல் வழியாகப் போகும் தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

ஒரு நுணுக்கம். ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் மொத்த நிலப்பரப்பின் அடிப்பகுதியில், ஆற்றுக்குப் பக்கத்தில் உங்கள் மனை இருந்தால், தேக்கி மெதுவாக விடுவது சில சமயம் கெடுதலாகிவிடும். நீங்கள் விடும் நேரமும் மேலிருந்து ஆற்று வெள்ளம் வந்துசேரும் நேரமும் ஒன்றாகிவிடலாம். அப்படி இருந்தால் அலுவலகத்தில் வெளிப்படையாகப் பேசி, கீழ்ப்பகுதி ஆய்வைக் காட்டி வேறு தீர்வு கேளுங்கள்.

6. கட்டும் காலம்

நல்ல திட்டங்கள் பாழாவது இங்கேதான். கிளறிப் போட்ட கட்டுமான நிலத்திலிருந்து விவசாய நிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு மண் அரித்துப் போகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. அதனால் மண் வெட்டுவதற்கு முன் கீழ்ப்பக்கம் வண்டல் தடுப்பு வேலி போடுங்கள், லாரி வெளியேறும் வழியில் ஜல்லி பரப்புங்கள், முழு நிலத்தையும் ஒரே நாளில் கிளறாதீர்கள். வேலை நின்றுபோன இடத்தை வைக்கோலாலோ புல்லாலோ மூடுங்கள். வாரம் ஒருமுறையும் நல்ல மழைக்குப் பிறகும் சுற்றிப் பார்த்து எழுதி வையுங்கள்.

உறிஞ்சும் குளத்துக்கென்று ஒதுக்கிய இடத்தை முதல் நாளே கயிறு கட்டி மூடுங்கள். நான் பார்த்த ஒரு மனையில் அந்த இடம் மட்டும்தான் காலியாக இருந்தது என்று ஆறு மாதம் லாரிகளையும் கம்பிக் கட்டுகளையும் அங்கேயே நிறுத்தினார்கள். மண் தரைபோல் இறுகிவிட்டது. வேலை முடிந்து முதல் மழையில் நான்கு நாளாகியும் தண்ணீர் அசையவில்லை, குச்சியால் குத்தினால் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்கவில்லை. மறுபடி இரண்டடி தோண்டிக் கிளறி மணல் கலக்க வேண்டியதாயிற்று. இன்னொரு விதி: மேலே உள்ள மண்ணெல்லாம் புல் பிடித்த பிறகுதான் குளத்தைக் கடைசி ஆழத்துக்கு வெட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டல் முழுவதும் அதில் இறங்கி அடைத்துக்கொள்ளும்.

7. ஒப்படைப்பும் பராமரிப்பும்

கட்டி முடித்ததும் கட்டியபடி வரைபடம் கொடுக்க வேண்டும். இதை வரைந்தபடி வரைபடத்தின் நகலாக நினைக்காதீர்கள். குழாயின் மட்டம், துளையின் விட்டம், குளத்தின் உண்மையான கொள்ளளவு எல்லாவற்றையும் நேரில் அளந்து எழுதுங்கள். பல இடங்களில் இது வந்தால்தான் பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பத்திரத்தோடு பதிவு செய்யச் சொல்வார்கள், மனை கைமாறினாலும் கடமை கூடவே போக வேண்டும் என்பதற்காக. லேஅவுட் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் வரும். அவர்களுக்குக் கொடுக்கும் கோப்பில் சட்ட மொழி வேண்டாம், ஒரே ஒரு பக்கம் போதும்: குளம் எங்கே, மதகு எங்கே, துளையின் அளவு என்ன, அதை ஏன் பெரிதாக்கக்கூடாது, நுழைவாயிலில் உள்ள வண்டல் குழி பாதி நிறைந்ததும் தூர் வார வேண்டும், மழைக்காலத்துக்கு முன் கம்பிச் சட்டத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், கரையில் மரம் முளைத்தால் வேர் விடுமுன் பிடுங்க வேண்டும், தண்ணீர் இறங்கும் கல் தளத்தின் மேல் மணல் கொட்டக்கூடாது. மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் குளத்தில் தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி, மதகுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படத்தையும் ஒட்டிக் கொடுங்கள்.